யோபுவின் கதையும் வடக்கன்குளத்துச் சுவரும்

1745-ஆம் ஆண்டு மே 14. வடக்கன்குளம் கோயிலில் 33 வயது மனிதர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரசின் அலுவலர், நட்டாலத்துக்காரர், செல்வாக்குள்ள குடும்பம். ஞானஸ்நானம் கொடுத்தவர் சேசு சபைக் குரு புத்தாரி. அன்று அவருக்கு லாசர் என்று பெயரிட்டார்கள். அந்த எபிரேயப் பெயருக்குக் கடவுள் துணை நின்றார் என்று பொருள். ஊரார் நாவில் அது தேவசகாயம் ஆனது.

அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு கதை. குளச்சல் போரில் 1741-இல் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியாளராகி உதயகிரிக் கோட்டையில் இருந்தார். அவர் கத்தோலிக்கர். நீலகண்டன் சொத்திலும் கால்நடையிலும் அடுத்தடுத்து இழப்புகளைச் சந்தித்து மனம் ஒடிந்திருந்த நாட்களில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்கிறது வழிவழி வரும் வரலாறு. மந்தையையும் மக்களையும் உடல் நலத்தையும் ஒருசேரப் பறிகொடுத்து, சாம்பலில் உட்கார்ந்திருந்தவனின் கதை அது. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். வாய் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்று வாதிட்டார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களையே கண்டிக்கிறார். துன்பப்படுகிறவன் குற்றவாளி என்ற கணக்கை அந்த நூல் அடியோடு மறுக்கிறது.

இழப்பில் நொந்த ஒருவருக்கு, நூற்றுக்கணக்கான வேதக் கதைகளுக்கு நடுவே இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னதுதான் டிலனாய் செய்த வேத விளக்கம். அவர் குருவும் அல்ல, மறைநூல் அறிஞரும் அல்ல. கேட்பவரின் காயம் எது, அதற்கு உரிய கதை எது என்று தெரிந்திருந்த ஒரு படைவீரர்.

கத்தோலிக்கர்களைப் பற்றி நீண்ட காலமாகச் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு: அவர்களுக்குச் செபமாலை தெரியும், தேர் தெரியும், திருவிழா தெரியும், வேதம் தெரியாது. இதில் பாதி உண்மை. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் வேதாகமம் என்ற நூல் கைக்கு வந்து இன்னும் மூன்று தலைமுறை ஆகவில்லை. ஆனால் நூல் இல்லாத இடத்திலெல்லாம் வேதமும் இல்லை என்று முடிவு கட்டினால், நீலகண்டனின் கதையை விளக்கவே முடியாது. அவர் யோபுவை வாசித்ததில்லை. கேட்டார்.

கேட்கும் வழக்கம் முத்துக்குளித்துறையில் தொடங்கியது. 1530-களில் பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், அவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை. 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கச் சொல்லி, அதை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டிலும் அண்டை அயலாரிடமும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளி வீடுகளுக்கும் பிள்ளைகளையே அனுப்பினார். தமிழ்க் கத்தோலிக்க வீட்டின் முதல் உபதேசியார்கள் சிறு பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

சவேரியார் ஓர் ஊரில் நிலையாகத் தங்கியதில்லை. அடுத்த ஊருக்குப் புறப்படும்போது அந்தந்த ஊரில் ஒருவரைப் பொறுப்பாக நியமித்தார். அவருடைய கடிதங்களில் அவர்களுக்கு வரும் பெயர் நமக்கு நன்கு தெரிந்த சொல்: கணக்கப்பிள்ளை. போர்ச்சுகீசிய எழுத்தில் சிதைந்து கிடந்தாலும் அடையாளம் தெரிகிறது. ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, திருமணங்களை அறிவிப்பது அவர்கள் வேலை. போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த 4000 பணத்தை இவர்களுடைய சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார் சவேரியார்.

அடுத்து வந்த அன்றீக்கே அடிகளார் இந்தக் கேள்விச் செல்வத்தை அச்சில் ஏற்றினார். 1578-இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் தம்பிரான் வணக்கம், 1579-இல் கொச்சியில் 120 பக்கங்களில் கிரிசித்தியானி வணக்கம், 1586-இல் 669 பக்கங்களில் அடியார் வரலாறு. தமிழ் அச்சின் தொடக்கமே இந்த நூல்கள்தான் என்பதைப் பலரும் பெருமையோடு சொல்வார்கள். அச்சுச் செலவைத் தாங்கியவர்கள் கடலில் மூச்சடக்கி முத்தெடுத்த பரதவர்கள் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

அவற்றில் ஒன்றுகூட வேதாகமம் அல்ல. ஒன்று செபங்கள், மற்றொன்று வினா விடை, மூன்றாவது திருநாள்களின் வரிசையில் கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வாழ்வும். இதற்குக் காரணம் ஐரோப்பாவில் இருந்தது. லூத்தரின் பிரிவுக்குப் பின் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம், வல்காத்தா எனப்படும் இலத்தீன் வேதாகமமே சபையின் அதிகாரபூர்வ நூல் என்று 1546-இல் அறிவித்தது; வேதத்துக்குப் பொருள் சொல்லும் இறுதி உரிமையும் சபைக்கே என்றது. 1564-இல் வந்த விதிகள் மக்கள் மொழியில் வேதாகமம் வாசிக்கத் தனி அனுமதி வேண்டும் என்றன. பிளவுக்கு அஞ்சிய காலத்தின் முடிவு அது. அந்த அச்சத்தின் விலையைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நாலு நூற்றாண்டுக்கு மேல் கொடுத்தார்கள். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டார். லூத்தரன் சபையார் கையில் நூல் இருந்தது. கத்தோலிக்கரிடம் குரல் மட்டுமே இருந்தது.

அந்தக் குரல் சாதாரணமானதல்ல. அது முதலில் சொற்களோடு மல்லுக்கட்டியது. ஆரம்பகாலத்து நூல்களில் போர்ச்சுகீசியச் சொற்களே தமிழ் வேடமிட்டு நின்றன. அருளுக்குக் கிராசை, திருப்பலிக்கு மீசை. பலிபீடத்தில் நடப்பது மீசை என்று கேட்ட உள்நாட்டுத் தமிழருக்கு என்ன விளங்கியிருக்கும்? 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவியுடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, இந்தச் சொற்களை ஒதுக்கினார். சர்வேசுரன், குரு, பூசை, கோயில், வேதம் என்ற சொற்கள் கத்தோலிக்கர் நாவில் ஊன்றியது அவர் காலத்திலும் அவர் வழிவந்தோர் காலத்திலும்தான்.

பெயர்களில் நடந்த வேலை இன்னும் அழகானது. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். எனவே அவர் சின்னப்பர். திருத்தூதர்களில் தாமே கடையவர் என்று அவர் எழுதியதை அறிந்தவர்கள் இந்தப் பெயரின் பொருத்தத்தை உணர்வார்கள். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். ஒலியை எழுதி வைக்காமல் பொருளை எடுத்துத் தமிழ்ப் பெயராக்கி, பிள்ளைகளுக்கும் சூட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், வாசலில் நின்று மகனைச் சின்னப்பா என்று கூப்பிடும்போதெல்லாம் ஒரு திருத்தூதரின் பெயருக்கு உரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

உபதேசியார்களுக்கு உள்நாட்டில் வேறொரு பெயர் இருந்தது: வேதியர். பிராமணரைக் குறித்த சொல்லை, வேதம் சொல்லும் எவருக்கும் உரியதாக்கிய மாற்றம் அது. குருக்கள் சிலர், ஊர்களோ நூற்றுக்கணக்கில். ஒரு குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் வேதியரே வேதம். வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே 1727-இல் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். மற்றவருக்கு வேதம் சொல்கிறவன் முதலில் தான் எப்படி வாழ வேண்டும் என்பதுதான் அதன் பொருள். விளக்கம் வாயில் தொடங்கி வாழ்க்கையில் முடிய வேண்டும் என்பதை ஒரு தொழிலுக்கான கையேடாகவே வகுத்துக் கொடுத்தார் அவர்.

அப்படி முடிந்தால் விலை என்ன என்பது அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே மறவர் சீமையில் தெரிந்துவிட்டது. தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் கடும் நோயில் விழுந்தார். அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் தெ பிரித்தோ அனுப்பிய வேதியர் ஒருவர் போய், அவர் மேல் நற்செய்தியை வாசித்துச் செபித்தார். நோய் நீங்கியது. நற்செய்தி அங்கே மருந்தாகக் கேட்கப்பட்டது. இன்றும் அப்படிக் கேட்பவர்கள் ஏராளம். ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. ஞானஸ்நானம் கேட்ட தேவரிடம், ஒரே மனைவியோடுதான் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. ஏரோது அரசனின் திருமணத்தைக் கண்டித்துத் தலை இழந்த திருமுழுக்கு அருளப்பரின் கதையை அந்த மக்கள் முன்பே கேட்டிருந்தார்கள். ஓரியூர் மணலில் அவர்கள் கண்டது அதே கதையைத்தான். விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் கதி என்ன ஆயிற்று என்பதை மறைபரப்பு வரலாறுகள் அவ்வளவாக எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், பாக் நீரிணையின் இரு கரையிலும் இரண்டு பேர் வேதத்தின் மௌனங்களைப் பேசவைத்தார்கள். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னபடி செய்கிறார், மறைந்துவிடுகிறார். அந்தப் பேசாத தச்சரை நாயகனாக்கி, 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி, எருசலேமைத் தமிழ் நாட்டின் நீர்வளத்தோடு வரைந்தார். காவிய இலக்கணப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் வேண்டும் என்பதற்காக மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. கம்பனைக் கேட்டுப் பழகிய செவிக்கு வேதமும் அதே இனிமையில் வர வேண்டும் என்று நினைத்தார்.

மறுகரையில் யாக்கோமே கொன்சால்வெஸ் இருந்தார். கோவாவில் பிறந்து 1705-இல் இலங்கைக்கு வந்த குரு. டச்சு ஆட்சி கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலம். 1687-இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசே வாஸ் அடிகளின் வழியில், ஒளிந்தும் அலைந்தும் பணிசெய்தவர். சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பகுதிகளாகச் சொல்கிறது. மகன் சிலுவையில் தொங்கும்போது தாய் அருகே நின்றாள் என்கிறது அருளப்பர் நற்செய்தி. அழுதாள் என்று அது சொல்லவில்லை. பெற்ற மகனின் பிணத்தருகே ஒரு தாய் வாய்விட்டு அழாமல் நிற்பதைத் தமிழ்ச் செவி ஏற்குமா? கொன்சால்வெஸ் அந்த மௌனத்தில் ஒப்பாரியை வைத்தார். தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அது துயர ராகத்தில் வாசிக்கப்படும்போது கோயில் முழுவதும் அழும். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அந்த வரிகளைக் கேட்ட விதத்துக்கு எந்த உரைநூலும் ஈடாகாது.

மறைநூல் அறிஞர் சிலர் இதையெல்லாம் வேதத்துக்கு வெளியே போன கற்பனை என்பார்கள். கற்பனைதான். ஆனால் நூலில் இருப்பதற்கு எதிராகப் போகாத கற்பனை. நூல் சொல்லாமல் விட்ட இடத்தில் கேட்பவர் தம் வாழ்க்கையைக் கொண்டு நிரப்பியது. ஞானஸ்நானத்துக்குப் பின் தேவசகாயத்தைத் திருவிதாங்கூர் அரசு கைதுசெய்து, எருமை மேல் ஏற்றி, ஊர் ஊராக அடித்துக் கொண்டுபோனபோது, புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துவண்ட அவர் முழங்கை முட்டியால் பாறையை இடிக்க நீர் சுரந்தது என்கிறார்கள் மக்கள். முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் அதற்குப் பெயர். பாலைவனத்தில் கோலால் பாறையை அடித்து நீர் வரவழைத்த மோயீசனின் கதையை அறிந்த மக்களின் வாயிலிருந்துதான் இந்தப் பேச்சு வரும்.

இவை பெரிய மனிதர்களின் கதைகள். நாள்தோறும் நடந்தது எளிமையானது. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை கோயில் மணி அடிக்கும். வலை பின்னுகிறவர் கையை நிறுத்துவார், அடுப்படியில் இருப்பவள் அகப்பையைக் கீழே வைப்பாள். திரிகால செபம். வானதூதர் மரியாளிடம் வந்ததும், அவள் சம்மதித்ததும், வார்த்தை மனிதர் ஆனதும் அதற்குள் அடங்கும். அதாவது லூக்காஸ், அருளப்பர் நற்செய்திகளின் முதல் அதிகாரங்களை ஒரு மீனவக் குடும்பம் நாளுக்கு மூன்று முறை சொல்லிக்கொண்டிருந்தது. இரவில் செபமாலை. சந்தோஷம், துக்கம், மகிமை என்ற 15 தேவ இரகசியங்களில் பெரும்பாலானவை நற்செய்திக் காட்சிகள். விரலால் உருட்டி உருட்டி வாசித்த வேதம் அது. குருத்து ஞாயிறன்று மந்திரித்துத் தந்த ஓலை ஆண்டு முழுவதும் வீட்டுப் படத்தின் பின்னால் செருகியிருக்கும். அடுத்த தவக்காலத்தில் அதையே எரித்துச் சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசுவார்கள். ஓசன்னா பாடிய கூட்டமே சில நாளில் மாறிப்போனதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது.

கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. எவ்வளவு பாடு கிடைக்கும் காலமாக இருந்தாலும் சரி, மரங்களும் வள்ளங்களும் கரையில் கிடக்கும். பத்துக் கற்பனைகளில் ஒன்று ஊர்க் கட்டுப்பாடாக மாறிய வழக்கம் இது. மீனவருக்கு ஒரு நாள் பாடு என்பது ஒரு நாள் சோறு. அதை விட்டுக்கொடுத்துத்தான் அவர்கள் அந்தக் கற்பனையைக் கடைப்பிடித்தார்கள். இவ்வளவு இருந்தும் ஓர் இடத்தில் வேதம் வாசலிலேயே நின்றுவிட்டது.

மீண்டும் வடக்கன்குளத்துக்கு வரவேண்டும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்று 127 ஆண்டுகள் கழித்து, 1872-இல், அதே ஊரில் ஒரு பெரிய கோயில் எழுந்தது. அதன் வடிவம் உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. பீடம் ஒன்று. அதிலிருந்து பிரிந்து செல்லும் இரண்டு நீள மண்டபங்கள். ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. நடுவே சுவர். இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. இரண்டு கால்கள் கொண்ட காற்சட்டை போல இருந்ததால் அந்தப் பெயரிலேயே அதைச் சுட்டினார்கள். இன்னும் கீழே வைக்கப்பட்ட சாதியாருக்கு இரண்டு மண்டபங்களில் எதுவும் உரியதாக இருக்கவில்லை.

இது திடீரென்று முளைத்தது அல்ல. நொபிலியின் வழிமுறையிலேயே இதன் வேர் இருந்தது. உயர்சாதியாரை ஈர்க்கச் சாதி வழக்கங்களை உலகியல் சார்ந்தவை என்று ஏற்றுக்கொண்ட முறை அது. உயர்சாதியாருக்குத் தனிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று இரு வகைக் குருமாரும் ஏற்பட்டார்கள். ஒரே அப்பத்தில் பங்கு பெறுவோர் ஒரே உடல் என்று சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை விளக்காத குரு யாரும் இருந்திருக்க மாட்டார். அதை விளக்கியவாறே சுவர் எழுப்பச் சம்மதித்தார்கள். சொல்லுக்கு உரை ஒன்று, கல்லுக்கு உரை வேறு. தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றின் மிகப்பெரிய தவறான வேத விளக்கம் எது என்று கேட்டால், எந்த ஏட்டிலும் தேட வேண்டாம். செங்கல்லும் சுண்ணாம்புமாக வடக்கன்குளத்தில் நின்றது.

1910-இல் சபை அந்தச் சுவரை இடித்தது. முன்னின்றவர் பிரெஞ்சு சேசு சபைக் குரு கௌசானல். வேளாளர் தரப்பு எளிதில் விடவில்லை. கோயில் தங்களுடையது, தனி இடம் தங்களுக்கு உரிமை என்று வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதி உரிமை கோருவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. வேதம் சொன்னதை வெள்ளையர் நீதிமன்றமும் வந்து சொல்ல வேண்டியிருந்தது என்பது வருத்தம் தரும் செய்திதான். ஆனாலும் சுவர் போனது.

நூல் கைக்கு வந்தது அதன் பிறகு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேசு சபையின் திரிங்கால் அடிகள் புதிய ஏற்பாட்டை வல்காத்தாவிலிருந்து தமிழாக்கியிருந்தார். அது பெரும்பாலும் குருக்கள் மேசையில்தான் இருந்தது. திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1943-இல் எழுதிய சுற்றுமடல் மூல மொழிகளிலிருந்து மொழிபெயர்க்கவும், ஒவ்வொரு நூலும் எந்த இலக்கிய வகை என்று அறிந்து பொருள் கொள்ளவும் கத்தோலிக்க அறிஞர்களுக்குக் கதவைத் திறந்தது. 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், வேதாகமம் விசுவாசிகள் அனைவருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்றது. எழுதியவர் எதைச் சொல்ல நினைத்தார் என்று தேடுங்கள், வேதம் முழுவதையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், சபையின் வாழும் மரபோடு சேர்த்துப் படியுங்கள் என்று விளக்கத்துக்கான வழியையும் காட்டியது. பூசை தமிழில் வந்தது. மூன்று ஆண்டு சுழற்சியில் ஞாயிறு வாசகங்கள் வந்தன. கோயில் வாசக மேடையில் முதல் முறையாகப் பொதுநிலையினர் ஏறினார்கள், பின்னர் பெண்களும் ஏறினார்கள்.

புதுச்சேரிப் பகுதியில் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகள் 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்கான மையம் திண்டிவனத்தில் அமைந்தது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995-இல் திருவிவிலியம் என்ற பெயரில் வெளிவந்தது. சீகன்பால்கின் தரங்கம்பாடிக்கும் வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சிக்கும் நடந்த பழைய சண்டை 280 ஆண்டுகள் கழித்து ஒரு நூலில் முடிந்தது என்றே சொல்லலாம். சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார், சூசையப்பர் யோசேப்பு ஆனார், சுவிசேஷம் நற்செய்தி ஆனது. ஆய்வுக்கு அது நல்லது. ஆயினும் பெயர்களின் பொருளைச் சொல்லி வந்த அந்தப் பழைய தமிழை இழந்ததற்காக முதியவர்கள் வருந்தினால் அதில் நியாயம் இருக்கிறது.

இன்று அன்பியக் கூட்டங்களில் பத்துப் பதினைந்து வீட்டார் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி நற்செய்தி வாசிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படிகள் பல ஊர்களில் வழக்கில் இருக்கின்றன. வாசித்து, மனத்தைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்லி, அமைதியில் இருந்து, பகிர்ந்து, இந்த வாரம் நாம் செய்யப்போவது என்ன என்று கேட்டு, கடைசியில் செபித்து முடிப்பார்கள். குடிகாரக் கணவனின் மனைவி ஊதாரி மகன் உவமைக்குச் சொல்லும் பொருளும், நிலம் பிரிப்பதில் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் சொல்லும் பொருளும் வேறு வேறாக இருக்கின்றன. மூத்த மகன் வெளியே நின்றதைப் பற்றி அந்தத் தம்பி ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால், அதுவும் ஒரு விளக்கமே. அந்தக் கேள்வி வரும் ஆறாவது படியில்தான் பெரும்பாலான கூட்டங்கள் தடுக்கி விழுகின்றன. வாசிப்பும் பகிர்வும் நன்றாக நடக்கும். நாளை யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்ற கேள்வி வரும்போது நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்கள்.

அந்தத் தடுக்கலுக்குச் சாதியும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோயிலுக்குள் இருந்த சுவர்கள் போய்விட்டன. கல்லறைத் தோட்டங்களிலும், தேர்ப் பவனி போகும் தெருக்களிலும் சில ஊர்களில் அவை இன்னும் நிற்கின்றன. கையில் திருவிவிலியம் இருக்கும் தலைமுறைக்கு, கேள்வியறிவு மட்டுமே இருந்த தலைமுறை சொல்லக்கூடிய சாக்கு இல்லை. திண்ணையில் கூடும் ஒவ்வொரு அன்பியமும் ஆறாவது படியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நம் ஊரில் இன்னும் இடிக்காத சுவர் எது என்பதுதான்.

தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலின் எச்சங்கள் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கப்பட்டன. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார் என்பது அவர் மேல் மக்கள் வைத்த அன்புக்குக் காரணங்களில் ஒன்று. அவருக்குப் புனிதர் பட்டம் அறிவிக்கப்பட இருந்த வேளையில், அவர் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டு வந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து வத்திக்கானுக்குக் கோரிக்கை போனது. வத்திக்கான் நீக்கியது. 2022 மே 15 அன்று, அந்த ஞானஸ்நானம் நடந்து 277 ஆண்டும் ஒரு நாளும் ஆனபோது, உரோமையின் பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசித்த பட்டியலில் வடக்கன்குளத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் மட்டுமே இருந்தது: லாசர், அதாவது தேவசகாயம்.